அம்மாவின் கண்புரை ஆபரேஷன்

அப்பாவுக்குக் கண்புரை என்று தெரிந்த மாதமே ஆபரேஷன் முடிந்தது. அம்மாவுக்கு இரண்டு வருடம் ஆனது. உலகத்தில் பல இடங்களில் பெண்களுக்கு இந்த ஆபரேஷன் கிடைப்பது ஆண்களைவிடக் குறைவு என்று பின்னால் படித்தபோது சுருக்கென்றது.

"முத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் அம்மா. ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் வண்டிச் செலவும், கூடப் போகிறவரின் இரண்டு நாள் கூலியும் போகுமே, அதைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். போன் அடித்தால் "யாருன்னு பாரு" என்று என்னிடம் நீட்டுவார். சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முகாமில் வலது கண்ணுக்கு அட்டையின் பெரிய எழுத்தே தெரியவில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் விரலைக் காட்டியபோதுதான் எண்ணிச் சொன்னார். இடது கண் கொஞ்சம் பரவாயில்லை. "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று டாக்டர் கேட்டது என்னை. முற்றட்டும் என்று காத்திருந்ததெல்லாம் அந்தக் காலமாம். இப்போது அன்றாட வேலைக்கு இடைஞ்சலானாலே செய்துகொள்ளலாம். ரொம்ப முற்றினால் புரை கெட்டியாகி எடுப்பது சிரமம். சிலருக்கு வீங்கி, கண் அழுத்தமும் ஏறிவிடும்.

அன்றைக்கே செய்துவிடுவார்கள் என்று பையோடு போயிருந்தோம். கண் அழுத்தம், கண்ணீர்ப் பாதை அடைப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் தேறின. சர்க்கரையில் மாட்டிக்கொண்டோம். மூன்று வாரம் மாத்திரை போட்டு வரச் சொன்னார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் திரும்பி வருவதில்லை. முகாம் ஊழியர் ஒருவர் இரண்டு முறை போன் செய்திருக்காவிட்டால் நாங்களும் போயிருக்க மாட்டோம்.

மறுபடி போனபோது லென்ஸ் பவர் அளந்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதுதான் வலித்ததாம். மற்றபடி இருபது நிமிடம், தையல்கூட இல்லை. பாட்டிக்குப் புரையை எடுத்ததோடு சரி, கடைசிவரை சோடாபுட்டிக் கண்ணாடிதான். கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதை ஹரோல்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் டாக்டர் 1949இலேயே செய்துகாட்டிவிட்டார். ஆனால் 1992இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம் மலிவாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த லென்ஸ் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரும்பாடு. பத்தாம் நாள் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். "அதான் தெரியுதே!" சொன்ன நாள்வரை, சொன்ன அளவில் குறைத்துக்கொண்டே போக வேண்டிய மருந்து அது, பாதியில் விட்டால் உள்ளே வீக்கம் திரும்பிவிடும். சுவரில் கோடு போட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் அடித்துக்கொண்டே வந்தேன். வலியோ சிவப்போ வந்தால், பார்வை குறைந்தால், அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் படிக்கக் கண்ணாடி கொடுத்தார்கள்.

அன்று மாலை அம்மா ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மற்றதை மூடினார். வலது கண்ணில் வெளேரென்று இருந்த துண்டு இடது கண்ணில் பழுப்பாகத் தெரிந்ததாம். துவைத்தது சரியில்லை என்று இத்தனை நாள் எங்களைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது போல, சிரித்துவிட்டார்.

"இந்தக் கண்ணுக்கு எப்போ?" என்றார்.