பழைய எச்.எம்.டி பைலட் கைக்கடிகாரம் வாங்கப் போறீங்களா?

முதல்ல டயலைப் பாருங்க. மஞ்சள், ஊதான்னு புதுசா பளபளத்தா, பெரும்பாலும் மறுபடி அச்சடிச்ச டயல்தான். 10 மடங்கு லென்ஸ்ல பார்த்தா எழுத்தோரம் பிசிறு தெரியும், நிமிஷக் கோடுகள் சீரா இருக்காது.

அடுத்து பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க. விக்கிறவர் தயங்கினா நடையைக் கட்டுங்க. உள்ளே 17 கல் (தேய்மானத்தைக் குறைக்கிற சின்ன மாணிக்கக் கல்) வச்ச, கையால சாவி கொடுக்கிற மெஷின் இருக்கணும். ஸ்க்ரூ தலைகள் சிதைஞ்சிருந்தா பல கை பட்டது. முழுச் சாவி கொடுத்தும் டைம்கிராஃபர்ல (வாட்ச் ஓட்டத்தை அளக்கிற கருவி) ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே இருக்கிற பேலன்ஸ் சக்கரம் ஆடுற அளவு, 200 டிகிரிக்குக் கீழேன்னா எண்ணெய் காஞ்சிருக்கலாம்; சர்வீஸ் செலவைக் கழிச்சுப் பேரம் பேசுங்க.

எச்.எம்.டி வாட்ச் கம்பெனியை மூட 2016லயே முடிவாயிடுச்சு. அதனால உதிரி பாகத்துக்கு, அதே கம்பெனியோட ஜனதா மாடல் வாட்ச் ஓடாதது ஒண்ணு மலிவா கிடைச்சா விடாதீங்க. பெரும்பாலும் அதே மெஷின்தான்.