பாஸ் கையில் இருக்கும்போதே வேறு வேலை தேடுங்கள்

வேலை பிடிக்கவில்லை என்றால் ஊரில் மறுநாளே நின்றுவிடலாம். சிங்கப்பூரில் எஸ் பாஸில், அதாவது நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதியில், இருப்பவர்கள் அப்படிச் செய்ய முடியாது. பாஸ் நமக்கு வந்தாலும் அது நிறுவனத்தைச் சார்ந்தது. வேலையை விட்டால் பாஸ் ரத்தாகி, 30 நாள் வருகை அனுமதிதான் மிஞ்சும். ஊரில் வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த 30 நாளை நம்பி யார் இறங்குவது?

நான் கட்டட உள்ளலங்கார நிறுவனம் ஒன்றில் சைட் ஒருங்கிணைப்பாளனாக இருந்தேன். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும். தீயணைப்புக் குழாய் போகவேண்டிய இடத்தில் ஏசி காற்று போகும் டக்ட் உட்கார்ந்திருக்கும். அத்தனை பேர் பார்க்க, மேலாளர் என் பெயரைப் போட்டுத் திட்டுவார். வரைபடம் போட்டவர் வேறு, மாட்டியவர் வேறு. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது போன் அதிர்ந்தால்கூட வயிறு கலங்கும்.

ஆனால் எனக்கு என்ன வேலை வேண்டும் என்பதையும் அந்தச் சைட்தான் காட்டியது. குழாயும் டக்டும் மோதுவதைக் கட்டுவதற்கு முன்பே கணினி மாதிரியில் கண்டுபிடித்துவிடலாம். அதுதான் பிம். 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடத் திட்டங்களை பிம் மாதிரியாகச் சமர்ப்பிப்பதை இங்கே 2015லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். சரி, ஆள் தேவைப்படும் துறை என்று, பிம் மாதிரி செய்யும் மென்பொருளான ரெவிட்டைப் படிக்க உட்கார்ந்தேன். வேலை முடிந்ததும் நேராக விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம், மூடும் நேரம் வரை.

நடுவில் ஒருநாள், ராஜினாமாக் கடிதம் எழுதியே வைத்துவிட்டேன். அறையில் உடனிருந்த மன்னார்குடி அண்ணன்தான் தடுத்தார். “தம்பி, கோபத்துல லெட்டர் குடுத்துடாத. ஐபிஏ வரட்டும், அப்புறம் குடு.” ஐபிஏ என்றால் புதிய பாஸுக்குக் கிடைக்கும் கொள்கையளவிலான ஒப்புதல்.

நேர்காணலில் நம்மைப் பிடித்துப்போனாலும் கோட்டா இல்லை என்று கைவிரிப்பார்கள். சேவைத் துறை நிறுவனம் தன் ஊழியர்களில் 10 விழுக்காடுவரைதான் எஸ் பாஸில் வைத்துக்கொள்ள முடியும். அதனால் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே “எஸ் பாஸ் கோட்டா இருக்கிறதா?” என்று கேட்டுவிடுவது நல்லது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சம்பளத்தையும் அப்படியே பேசிவிடுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தது 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாதச் சம்பளம் வேண்டும், வயது ஏற ஏற அதுவும் ஏறும்.

கடைசியில் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனம் எனக்காகப் புதிய எஸ் பாஸுக்கு விண்ணப்பித்தது. ஐபிஏ கைக்கு வந்த பிறகே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். அறிவிப்புக் காலம் ஒரு மாதம், ஐபிஏ அதைத் தாண்டியும் செல்லுபடியாகும் என்பதால் பதற்றம் இல்லை. பலர் தடுமாறுவது இன்னோர் இடத்தில். வெளிநாட்டு ஊழியர் விலகும்போது, வரிக்கணக்கு முடியும்வரை நிறுவனம் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்கும். சட்டமே அப்படித்தான். ஆகவே ஒரு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும்.

புது இடத்திலும் வேலை கடுமைதான், சில நாள் இரவு எட்டாகிவிடும். ஆனால் தவறு வந்தால் திரையில் மாதிரியைத் திறந்து வைத்து, எங்கே இடிக்கிறது என்று சேர்ந்து பார்க்கிறோம். யாரும் பெயர் சொல்லிக் கத்துவதில்லை. மன்னார்குடி அண்ணனும் இப்போது ரெவிட் கற்றுக்கொள்கிறார். ஞாயிறு மாலையில் என் மடிக்கணினி அவரிடம்தான்.