ஆல்பர்ட் ரிக்டர்: டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 9

1939-இல் இதே நாளில், பெர்லினில் நடந்த பெரும் பரிசுப் பந்தயத்தில் ஜெர்மன் சைக்கிள் வீரர் ஆல்பர்ட் ரிக்டர் வென்றார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பந்தயத்திலும் இறங்கவில்லை. அண்ணனை இன்று வேறு வார்டுக்கு மாற்றினார்கள். இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியிருப்பதால், ரிக்டரைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

டிசம்பர் 12

அவர் 1912-இல் கொலோன் நகரின் எஹ்ரன்ஃபெல்ட் பகுதியில் பிறந்தார். தந்தை பிளாஸ்டர் சிலைகள் செய்பவர். மகனும் அத்தொழிலைக் கற்றார், வயலினும் பயின்றார். தந்தைக்குத் தெரியாமல் பந்தயங்களில் ஓட்டத் தொடங்கியவர், விழுந்து காறை எலும்பு முறிந்தபோதுதான் வீட்டில் அகப்பட்டுக்கொண்டார். எர்ன்ஸ்ட் பெர்லினர் என்ற யூதப் பயிற்சியாளர் அவரை வளர்த்தெடுத்தார். 1932-இல் ரோமில் அமெச்சூர் ஸ்பிரிண்ட் (குறுந்தூர வேகப் பந்தயம்) உலகப் பட்டம் கிடைத்தபோது ரிக்டருக்கு வயது பத்தொன்பது.

டிசம்பர் 13

காய்ச்சல் இறங்கவில்லை.

டிசம்பர் 17

ஸ்பிரிண்ட் பந்தயத்தை முதன்முறை பார்ப்பவருக்கு அது பந்தயமாகவே தோன்றாது. இருவர் ஓடுதளத்தின் சாய்வான வளைவில், மேல்விளிம்பில் ஊர்ந்து செல்வார்கள். சில வேளை முன்சக்கரத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு, கால் ஊன்றாமல் அப்படியே நிற்பார்கள். முன்னால் போகிறவர் காற்றோடு போராட வேண்டும், பின்னால் வருபவர் அவருடைய மறைவில் வலுவைச் சேமித்துக்கொள்வார் என்பதால், முன்னால் செல்ல இருவருக்குமே மனம் வராது. கடைசி இருநூறு மீட்டரில்தான் எல்லாம் தீர்மானமாகும். அந்த இருநூறு மீட்டரில் ரிக்டர் காட்டிய வேகத்துக்காகவே அவரை மோட்டார் எஞ்சினோடு ஒப்பிட்டு 'ஜெர்மன் எட்டு சிலிண்டர்' என்று அழைத்தார்கள். 1933 முதல் 1939 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் தொழில்முறை உலகப் போட்டியில் பதக்கம் பெற்றார்; ஆனால் தங்கம் மட்டும் கிடைக்கவில்லை. 1934-இலும் 1935-இலும் பெல்ஜியத்தின் ஜெஃப் ஷேரன்ஸ் அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார். அதே ஷேரன்ஸ்தான் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

டிசம்பர் 21

இன்று மனம் ஒரே இடத்தில் சுற்றுகிறது. 1934-இல் ஹனோவரில் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. சுற்றியுள்ளவர்கள் நாஜி வணக்கத்துக்காகக் கையை உயர்த்தியிருக்க, வென்றவரான ரிக்டரின் கை மட்டும் கீழே இருக்கிறது. ஸ்வஸ்திகா பொறித்த சட்டையை ஒதுக்கிவிட்டுப் பழைய கழுகுச் சின்னம் பொறித்த சட்டையையே அணிந்தார். யூதரான பெர்லினரை விட்டு விலகவும் அவர் சம்மதிக்கவில்லை. பெர்லினர் 1937-இல் நெதர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். பாரிசில் நண்பர்கள், பெல்ஜியத்தில் நண்பர்கள், எந்த நாட்டு ஓடுதளத்திலும் பிழைத்துக்கொள்ளக்கூடிய திறமை, இத்தனையும் இருந்த மனிதர் ஏன் மறுபடியும் மறுபடியும் கொலோனுக்கே திரும்பினார்? பெற்றோரும் சகோதரர்களும் அங்கே இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் தேட எனக்கு விருப்பமில்லை.

டிசம்பர் 26

அண்ணி இரண்டு மணி நேரம் தூங்கினார். நல்ல நாள்.

டிசம்பர் 31

1939-இன் இந்த நாளில் ரிக்டர் சைக்கிளோடு சுவிட்சர்லாந்துக்குச் செல்லும் ரயிலில் இருந்தார். பந்தய டயர் என்பது டியூபை உள்ளே வைத்துத் தைத்து, சக்கர விளிம்பில் பசையால் ஒட்டப்படுவது. அதற்குள் 12,700 மார்க் மறைத்து வைத்திருந்தார். அது அவருடைய பணமல்ல. நாட்டை விட்டுப் போயிருந்த ஒரு யூத நண்பருக்குச் சேர வேண்டியது. எல்லையில் ஏறிய அதிகாரிகள் வேறெங்கும் தேடாமல் நேராக டயர்களை வெட்டினார்கள் என்று, அதே ரயிலில் வந்த டச்சு சைக்கிள் வீரர்கள் பின்னர் சொன்னார்கள். அப்படியானால் யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்த 'யாரோ'வை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் பதறுகிறது.

ஜனவரி 2

பிடிபட்ட ரிக்டரைப் பார்க்க லோராக் சிறைக்கு வந்த அவருடைய சகோதரர் யோசெஃப்புக்கு உடலைத்தான் காட்டினார்கள். தூக்கிட்டுத் தற்கொலை என்றது அரசு. பனிச்சறுக்கு விபத்து என்றும் ஒரு கதை பரப்பப்பட்டது. தாம் பார்த்த உடலில் இரத்தமும் மேலங்கியில் துளைகளும் இருந்தன என்று யோசெஃப் சொன்னார். நான் சகோதரனின் கண்ணையே நம்புகிறேன். கூடப் பிறந்தவனின் உடம்பைப் பார்க்கும்போது மனிதன் எதையும் தவறவிடுவதில்லை என்பது இந்த வாரங்களில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெர்மன் சைக்கிள் சங்கமோ தன் பத்திரிகையில், ரிக்டரின் பெயர் தங்கள் வரிசையிலிருந்து எக்காலத்துக்குமாக அழிக்கப்பட்டதாக எழுதியது.

ஜனவரி 3

போருக்குப் பின்பும் பெர்லினர் விடவில்லை. 1966-இல் இந்த மரணத்தை விசாரிக்கும்படி கொலோன் அரசு வழக்கறிஞர்களிடம் கோரினார். அந்த விசாரணை முடிவின்றிக் கைவிடப்பட்டது. இன்று அதே நகரின் சைக்கிள் ஓடுதளம் ரிக்டரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெர்லினரைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது, ஆனால் அண்ணனுக்கு நாளைக் காலையில் மறுபடியும் அறுவை சிகிச்சை என்று இப்போதுதான் சொன்னார்கள்.