டிசி வாங்காமல் விட்ட கதை

மகளை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை வீட்டிலேயே படிக்க வைத்தோம். இப்போது ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் நான் மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறியது பதினொரு தடவை. வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் முதலில் இந்தப் பதினொன்றைத்தான் சொல்கிறேன்.

ஆரம்பித்தது கொரோனாவில். ஐந்தாம் வகுப்பை செல்போனிலேயே முடித்தாள். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளைத் திறந்தபோது அனுப்ப மனசு வரவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் சமச்சீர்ப் புத்தகம், மற்ற நேரம் அவள் இஷ்டம். நன்றாகவே போனது. சதவீதக் கணக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை. அவள் அப்பா மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். மீன் ஏலத்தில் எழுதின சீட்டைக் கொண்டுவந்து, "கமிஷன் போக கையில எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கம்பெனியில் வேலை குறைவு. அந்த 61 நாளும் அப்பாதான் வாத்தியார். கரையில் ஒதுங்கிய பாசியை எல்லாம் ஒட்டி அவள் போட்ட நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது, திறந்தால் வீடே நாறும்.

தெருவில் விளக்கம் சொல்லி மாளாது. பாதிப் பேர், "இல்லம் தேடிக் கல்வியா?" என்றார்கள். அது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் நடப்பது என்று சொன்னால், "அப்ப இவ பள்ளிக்கூடமே போகலையா?" என்பார்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர் பொறுமையாகக் கேட்டார், கடைசியில் ‘இடைநின்றவர்’ என்று எழுதிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டாயக் கல்விச் சட்டத்திலேயே வீட்டுக்கல்வி என்று ஒரு வார்த்தை கிடையாது. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் சொல்லவில்லை.

போன வருடம் மகளே வாயைத் திறந்தாள். "கபடி விளையாட ஏழு பேர் வேணும்மா." ஏழு பேருக்கு நான் எங்கே போவேன்? தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயது முடிந்ததும் நேராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். ஆனால் அதில் கபடி கிடையாதே.

இங்கேதான் என் தப்பு. எட்டாம் வகுப்புக்கே அனுப்பியிருந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்திருப்பார்கள். டிசி (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சலுகை எட்டோடு சரி. ஒன்பதுக்கு எட்டு முடித்த தாளைக் கேட்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன வழி, எட்டாம் வகுப்பு தனித்தேர்வு, அதாவது பள்ளிக்கூடம் போகாதவர்கள் நேராக எழுதுகிற அரசுத் தேர்வு.

தனித்தேர்வுக்கு 12½ வயது முடிந்திருக்க வேண்டும். அது பிரச்சினையில்லை. டிசியோ பிறப்புச் சான்றிதழோ கொடுக்க வேண்டும். அதுதான் பிரச்சினை. பழைய தனியார் பள்ளியில், கொரோனா வருடத்துக் கட்டணம் பாக்கி, கட்டினால்தான் டிசி என்றார்கள். போங்கடா என்று பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், குழந்தையின் பெயர் என்ற இடம் வெற்றாக இருக்கிறது! பதிமூன்று வருடமாக அதை லேமினேட் பண்ணி பீரோவில் வைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட படித்துப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் இருப்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பெயர் சேர்க்க, பிறந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். போனேன்.

"ஸ்கூல் சர்டிபிகேட் கொண்டாங்கம்மா."

"அது இல்லாமத்தானே சார் இங்க வந்திருக்கேன்."

"அப்ப ஸ்கூல்ல போய்க் கேளுங்க."

ஆதாரை நீட்டினேன். பார்க்கவே இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன் என்பதை என் வீட்டுக்காரரிடம்கூட சொல்லவில்லை.

கடைசியில் ஒரு செயினை அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டினோம், அரை மணி நேரத்தில் டிசி கைக்கு வந்தது. மூன்று மாதம் கழித்து, 2024 ஜூலையில், டிசியைக் கட்டண வசூலுக்கான கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதாகப் பேப்பரில் படித்தேன். அன்றைக்கு வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. உங்கள் பள்ளியில் இழுத்தடித்தால் அந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

தனித்தேர்வு விண்ணப்பத்தை அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்தில்தான் போட வேண்டும். மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போய் ஒரு நாள் வீண். "பிள்ளை எங்கம்மா? நேர்ல வரணும்ல?" அடுத்த நாள் அவளோடு போனேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. தேர்வு அறிவிப்பு பேப்பரில் ஒரு மூலையில் வந்துவிட்டுப் போய்விடும், தேதியும் வருடா வருடம் ஒன்றுபோல இருப்பதில்லை. தினமும் பாருங்கள்.

பழைய கேள்வித்தாளை வைத்து எழுதிப் பார்க்கச் சொன்னபோதுதான் என் பாடம் நடத்திய லட்சணம் தெரிந்தது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரை வரி எழுதி வைத்திருந்தாள். "பதில் அவ்வளவுதானேம்மா?" என்கிறாள். உண்மைதான், பதில் அவ்வளவுதான். மூன்று வருடமும் நான் வாயால் கேட்டேன், அவள் வாயால் சொன்னாள். அதை இரண்டு பக்கத்துக்கு இழுத்து, தலைப்பு போட்டு, கோடு போட்டு எழுத ஒரு மாதம் படாதபாடு பட்டோம்.

தேர்வறையில் பக்கத்து பெஞ்சில் அவள் அப்பா வயதில் ஒருவர். வேலைக்கு எட்டாம் வகுப்பு பாஸ் கேட்கிறார்களாம். கணக்குத் தேர்வன்று இவளிடம் ஸ்கேல் கடன் வாங்கியவர், கடைசி நாளில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

பாஸ் ஆகிவிட்டாள். வகுப்பு தொடங்கி நாளாகியிருந்தாலும் தலைமையாசிரியை முகம் சுளிக்கவில்லை. எமிஸ் எண் கேட்டார், பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினியில் போட்டு வைக்கிற பதிவு எண் அது. புதிதாகப் போட வேண்டாம், பழசு எங்காவது கிடக்கும் என்று அவரே தேடினார். கிடைத்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் சரி. பக்கத்தில் ‘இடைநின்றவர்’. சிரித்துக்கொண்டே மாற்றினார்.

ஒரு விஷயத்தை மட்டும் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கல்லூரி போகிற பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, இரண்டும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, முதலாவது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. நடுவில் மூன்று வருடம் வீட்டில் இருந்தவளுக்குக் கிடையாது. இதை 2021-இல் யாராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

சின்னவன் இந்த வருடம் ஐந்து முடிக்கிறான். அக்கா மாதிரி நானும் வீட்டிலேயே இருக்கேன் என்கிறான். இருடா, முதலில் டிசியை வாங்கிட்டு வர்றேன் என்று சொல்லியிருக்கிறேன்.