கொத்துக்கறியைத் தண்ணீரில் கரைத்த ஞாயிறு

"கொத்துக்கறிய வதக்காம பச்சைத் தண்ணியில கொட்டுறியே, என்னடா ஆச்சு உனக்கு?"

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பெரம்பூர் வீட்டு அடுப்படியில் அம்மா கேட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அரைக்கிலோ கறியைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கையாலேயே கரைத்துக்கொண்டிருந்தேன். சின்சினாட்டி சில்லி என்ற அமெரிக்கக் கறிக்குழம்பு அப்படித்தான் ஆரம்பிக்கும். வதக்கினால் கறி கட்டிகட்டியாக நிற்கும். பச்சையாகக் கரைத்துக் கொதிக்க விட்டால் ரவை மாதிரிப் பொடிந்து குழம்போடு சேர்ந்துவிடும். அங்கே போடுவது மாட்டுக்கறி. அம்மா அடுப்பில் அது ஏறாது என்பதால் ஆடு.

ஆபீஸ் வேலையாக அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் அந்தச் சின்சினாட்டியில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். சில்லி என்ற பெயரைக் கேட்டுக் காரமாக ஏதோ கிடைக்கப்போகிறது என்று ஆசையாகப் போனேன். வந்தது, நீள்வட்டத் தட்டில் ஸ்பகெட்டி, மேலே நீர்க்கக் கறிக்குழம்பு, அதற்கும் மேலே தேங்காய்த் துருவல்போல் குவித்த மஞ்சள் சீஸ். வாயில் வைத்தால் பட்டை வாசனை. காரத்தைக் காணவே காணோம். பாதியில் வைத்துவிட்டேன்.

அந்த மூன்றடுக்குத் தட்டுக்கு 'த்ரீ வே' என்று பெயர். வெங்காயமோ பீன்ஸோ சேர்த்தால் 'ஃபோர் வே', இரண்டும் சேர்ந்தால் 'ஃபைவ் வே'. நாலுவழிச் சாலைக்கு டெண்டர் விடுவதுபோல ஆர்டர் கொடுப்பேன். கூடவே ஆய்ஸ்டர் கிராக்கர் என்று குட்டிகுட்டியாக உப்பு பிஸ்கட் வரும். பெயரில் இருக்கும் சிப்பி அதில் கிடையாது. முக்கியமான விஷயம், கலக்கக் கூடாது. முள்கரண்டியில் சுருட்டவும் கூடாது. கரண்டியின் விளிம்பால் கேக் வெட்டுவதுபோல மேலிருந்து கீழே வெட்டி, எல்லா அடுக்கும் ஒரே வாயில் வருகிற மாதிரி எடுக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து மேசையில் இருந்த ஒரு தாத்தா. நான் சுருட்டியதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பட்டை எப்படி வந்தது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தத் தட்டு பிடிபட்டது. மாசிடோனியாவிலிருந்து பிழைக்க வந்த டாம், ஜான் கிராஜீஃப் என்ற அண்ணன் தம்பி 1922-இல் எம்ப்ரஸ் என்ற தியேட்டர் பக்கத்தில் கடை போட்டு, அதே பெயரை வைத்தார்கள். தங்கள் ஊர்க் கறிக்குழம்பின் மசாலாவை அமெரிக்கர்களுக்குத் தெரிந்த சில்லி என்ற பெயரில் விற்றார்கள். 1949-இல் கிரேக்கத்திலிருந்து வந்த நிக்கோலஸ் லாம்பிரினிடிஸ் ஸ்கைலைன் என்ற சில்லிக் கடையைத் தொடங்கினார். ஆக, அது காரமான டெக்சாஸ் சில்லியின் சொத்தைப் பிள்ளை இல்லை, வேறு வீட்டுப் பிள்ளை. டெக்சாஸ்காரர்கள் இதைக் கிண்டல் செய்வது வீண் வேலை.

நம் சென்னை அத்தோ நூடுல்ஸும் அப்படி வந்ததுதானே? 1960-களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்தது. பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலம் போய் நின்றால் நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அங்கே வளர்ந்த நாக்கோடு போய், இன்னொரு ஊர்க்காரர்களின் நூடுல்ஸை விநோதம் என்று நான் முகம் சுளித்திருக்கிறேன்!

அந்த ஊரில் இன்னொன்று, ஜெர்மானியர்கள் விட்டுப்போன கோயெட்டா. எழுத்து அப்படி, உச்சரிப்பு 'கெட்டா'. பெயரைக் கேட்டு ஒரு மாதம் தள்ளியே நின்றேன். பன்றியும் மாடும் உடைத்த ஓட்ஸோடு வேகவைத்து, ஆறவைத்து, துண்டு போட்டு முறுகப் பொரிப்பது. கறியை நீட்டிக்க ஓட்ஸ். இல்லாத வீட்டுச் சாமர்த்தியம், காலையில் முட்டையோடு பிரமாதம். கிரேட்டர்ஸ் ஐஸ்கிரீமைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, 1870-லிருந்து ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, அடுப்புக்கு வருவோம். தக்காளி விழுது, பட்டை, கிராம்பு, சீரகம், பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸ், கொஞ்சம் வினிகர், ஒரு ஸ்பூன் கோகோ. எல்லாக் கடையிலும் கோகோ போடுவதில்லை, எனக்குப் பிடிக்கும். அம்மாவிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் சின்னத் தீயில் கிடந்தது. செடார் சீஸ் விலையைப் பார்த்து அரைமனதோடு ஒரே ஒரு கட்டி வாங்கியிருந்தேன்.

மதியம் அக்காவும் மச்சானும் வந்தார்கள். மச்சான் வியாசர்பாடி, அவர் அப்பா பர்மாவில் பிறந்தவர். தட்டை வைத்து, கலக்கக் கூடாது, வெட்டித்தான் சாப்பிட வேண்டும் என்று அந்தத் தாத்தாபோல விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து போய் பொரித்த பூண்டும், நறுக்கிய கோஸும், ஒரு எலுமிச்சை மூடியும் கொண்டுவந்தார். மேலே போட்டுக் கையை விட்டுப் பிசைந்தார். சீஸ் மலை ஒரே நிமிஷத்தில் காணாமல் போனது.

"மாப்ள, இப்ப சாப்பிட்டுப் பாரு."

நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா தட்டை நீட்டிவிட்டார்.