அமரோக் 3.0 போட்டுப் பார்த்தேன்

கிளிநொச்சி வீட்டுக் கொம்பியூட்டரில் லினக்ஸ்தான் ஓடுகிறது. பாட்டுக் கேட்க அமரோக் என்ற பிளேயரின் 3.0 பதிப்பைப் போட்டேன். 2018இல் 2.9 வந்த பிறகு இதன் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். 2024 ஏப்ரலில் 3.0 வந்துவிட்டது. தோற்றம் பெரிதாக மாறவில்லை. உள்ளே கியூட்டி 5க்கு (நிரல் எழுதப் பயன்படும் அடித்தளம்) மாற்றியிருக்கிறார்கள், அதுதான் பெரிய வேலை.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் அப்பாவின் கசெட்டுகளை எம்பி3 ஆக்கியவை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வாசித்த நாதஸ்வரமும் தவிலும் அதற்குள் உண்டு. பட்டியலில் பாதிப் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தன. பிளேயர் பாவம், அதில் பிழையில்லை. பெயர்களைத் தட்டிய காலத்தில் எங்களுக்குப் பாமினி எழுத்துருதான். அதில் தட்டினால் கோப்பில் பதிவது ஆங்கில எழுத்து. எழுத்துரு மட்டும் அதைத் தமிழாகக் காட்டும். தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றி ஒட்டியதும் ஒழுங்காக வந்தது. பல பாட்டுகளை ஒன்றாகத் தெரிவுசெய்து கலைஞர் பெயரை ஒரே தடவையில் திருத்தலாம், நல்ல உதவி. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இணையப் பாட்டு விவரத் தளத்தில் தேடி விவரம் நிரப்பும் வசதியும் இருக்கிறது. கோயில் கசெட்டுக்கு அது என்ன செய்யும்?

அம்மாவுக்குப் பிடித்தது, ஓடும் பாட்டோடு நிறுத்தும் வசதி. முந்தியெல்லாம் படுக்கப் போகும்போது, "தம்பி, இதோட நிப்பாட்டிவிடு" என்பார். நான் காவல் இருக்க வேண்டும். இப்போது ஒரு கிளிக்.

விக்கிப்பீடியாவும் பாடல்வரியும் காட்டும் நடுப்பகுதியை மூடிவிட்டேன். டேட்டாவும் மிச்சம், சின்னத் திரையில் பட்டியலுக்கும் இடம் கிடைக்கிறது.