கம்பி போட்ட கால்

யாழ்ப்பாணத்தில் எலும்பு முறிவுக் கிளினிக் நடத்துபவருக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் முறிந்த கணைக்கால் எலும்பு அன்றாடக் காட்சி. எலும்பின் நடுக் குழிக்குள் கம்பி செலுத்தி, மேலும் கீழும் ஸ்குரூ பூட்டினால் பெரும்பாலோருக்கு நாலைந்து மாதத்தில் பொருந்திவிடும். சிலருக்குப் பொருந்த மறுக்கும். என் கவலையெல்லாம் அந்தச் சிலரைப் பற்றியதுதான்.

கணைக்காலின் முன்புறத்தைத் தடவினால் தோலுக்கடியில் உடனே எலும்பு தட்டுப்படும். மூடத் தசை இல்லாததால் அங்கே இரத்த ஓட்டமும் குறைவு. கீழ்ப்பகுதியில் இன்னும் குறைவு. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த முறிவென்றால் தாமதத்தை முதலிலேயே எதிர்பார்க்க வேண்டியதுதான்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிக்குமுன் நான் நோயாளியின் செருப்பைப் பார்ப்பேன். ஒரு றப்பர் செருப்பு குதியில் தேய்ந்திருக்கும். முறிந்த காலுக்கானது கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். மாதக்கணக்காக அந்தப் பாதம் நிலத்தில் ஊன்றவேயில்லை. "கம்பி முறிந்துவிடும் என்று அம்மா ஊன்ற விடுவதில்லை, டொக்டர்" என்பார்கள். அம்மாமாரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உடல் பாரம் இறங்கினால்தான் முறிந்த முனைகள் ஒன்றையொன்று நெருக்கும். அந்த நெருக்கமே புது எலும்பை வளர்க்கும். கம்பி முறிவது பெரும்பாலும் எலும்பு பொருந்தாமல் இழுபடும்போதுதான்.

அடுத்தது புகையிலை. "புகைப்பதுண்டா?" என்றால் "இல்லை" என்ற பதில் உண்மையாகவே வரும். வாயில் வெற்றிலையோடு புகையிலை அடக்கியிருக்கும்! புகையிலை விளையும் மண்ணில் அதை யாரும் கெட்ட பழக்கமாக எண்ணுவதில்லை. நிக்கொட்டினோ எந்த வழியாகப் போனாலும் இரத்தக் குழாயைச் சுருக்கும். அதனால் இப்போது சுருட்டு, சிகரெட், வெற்றிலை என்று தனித்தனியாகவே கேட்கிறேன்.

இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு அவசரப்படக் கூடாது. 1200 பேருக்கு மேல் பங்கேற்று 2008இல் வெளியான பெரிய ஆய்வும் ஆறு மாதமாவது பொறுப்பது நல்லது என்றே காட்டியது. கிருமித் தொற்றோ பெரிய இடைவெளியோ இருந்தால் கதை வேறு. முனைகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும் முறிவென்றால் ஒரு பக்க ஸ்குரூவைக் கழற்றிப் பாரம் இறங்க வழிவிடலாம். நொறுங்கிய முறிவில் அப்படிச் செய்தால் கால் குட்டையாகிவிடும். ஸ்குரூவைக் கழற்றியும் எலும்பு பொருந்தாவிட்டால் பழைய கம்பியை எடுத்து, குழியைக் குடைந்து, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பருமன் கூடிய கம்பி போடுவோம். குடையும்போது உதிரும் எலும்புத் துகளே முறிந்த இடத்துக்கு உரமாகிறது. தொற்று இல்லையென்று இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்யாமல் இதில் இறங்க மாட்டேன்.

ஆறுதலான செய்தி பல வேளைகளில் படத்துக்கு முன்பே வந்துவிடும். ஊன்றும்போது முறிந்த இடத்தில் நோ குறைந்துவிட்டது என்று நோயாளி சொன்னால், அடுத்த மாத எக்ஸ்ரேயை நம்பிக்கையோடு எழுதிக் கொடுப்பேன்.